இளவரசிக்கு ஊற்றிய சிவப்புத் தண்ணீர்

கொசு தும்மினால்கூட எழுந்து உட்காருகிறவள் இளவரசி. கிள்ளை முழுக்க அப்படித்தான் பேச்சு. பிள்ளை பெற்ற மறுமாதம் குக்கர் விசிலடிக்க, அடுப்படியில் விழுந்தவள் எழவேயில்லை. மாமியார் தைலம்மாள், “மருந்தக் குடிச்சிட்டா” என்று ஊரெல்லாம் சொன்னாள். உடலை அறுத்துப் பார்க்கவும் விடாமல் எரிக்க வைத்தாள். இப்போது நாலு வயதுப் பேத்திக்கும் அதையே சொல்லி வளர்க்கிறாள்.

இளவரசியின் அக்கா புஷ்பவள்ளி தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவாள். மூச்சை இழுக்க ஒரு நிறுத்தம், விட ஒரு நிறுத்தம் என்று கூட்டம். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் செல்களுக்குத் தீனி ஊற்றுவது அவள் வேலை. தங்கை கர்ப்பத்தில் ஒருமுறை மயங்கியபோது, அங்கே அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தவளும் அவள்தான். அந்த ரத்தத்தை ஸ்டெம் செல்லாக்கி, பிறகு இதயச் செல்லாக மாற்றினார்கள். இளவரசி சாம்பலாகிவிட்டாள், அவள் இதயம் கடுகளவுக்குத் தட்டில் துடித்தது.

புயலில் மின்சாரம் போய், உறைய வைத்திருந்ததெல்லாம் கெட்டது. இதயமாகிவிட்ட செல் பெருகாது. மிஞ்சியது இரண்டு தட்டு.

கர்ப்பத்தில் பொங்கி, பிரசவத்தோடு சட்டென வடியும் ஹார்மோனை ஒரு தட்டில் மட்டும் ஊற்றி, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் செல்லின் மின்சாரம் அடங்க எவ்வளவு நேரமாகிறதென்று இரண்டையும் ஒப்பிடுவது ஆய்வுக்கூடத் தலைவர் ராபர்ட் சாரின் திட்டம். விசில் சத்தத்துக்கே நின்றுபோகும் அளவுக்கு அந்த ஏற்ற இறக்கம் இளவரசியின் இதயத்தை உலுக்கியிருக்குமா என்று அதில் தெரியும்.

“உன் தட்டு சொல்லட்டும், பாக்கறேன்” என்றிருந்தாள் தைலம்மாள்.

பொங்கல் விடுமுறையில், இந்தச் சோதனைக்கென்றே வாங்கிய நிறமில்லாத தீனி தீர்ந்துபோனது. “புதுசு வர்ற வரைக்கும் பட்டினி கெடக்கட்டும், வேற ஊத்தாத” என்றார் சார். இரண்டாம் நாள் துடிப்பு சோர்ந்தது. இளவரசி செத்த அன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. புஷ்பவள்ளியின் கை வழக்கமான சிவப்புத் தீனிக்குப் போனது; இரண்டு தட்டிலும் ஊற்றினாள்.

சோதனை முடிந்ததும் ராபர்ட் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் ஒண்ணாவே இருக்கு. இன்னாம்மா ஊத்துன?”

“செவப்பு, சார். வாடிக் கெடந்துது. சோறு போடாதன்னா எங்க வீட்டுல ஒருத்தருக்கும் காது கேக்காது.”

“அந்தச் சாயமே லேசா ஹார்மோன் வேலை பாக்கும்மா. ஹார்மோன் இல்லாத தட்டுன்னு ஒண்ணு இப்ப இல்லவே இல்ல.”

“கழுவிட்டு மறுபடி பாத்தா?”

“செல்லுக்கு வயசாயிடிச்சு. இனிமே இதுல வர்றத எவனும் நம்ப மாட்டான். ப்ளீச் ஊத்திடு.”

ஊற்றினாள். துடிப்பு உடனே நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளைக்குப் போனாள். தைலம்மாள் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, தட்டு இன்னா சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல, அத்தை.”

தைலம்மாள் பின்னலை இறுக்கினாள். “கேட்டுக்கடி, உங்க பெரியம்மாவே சொல்லிட்டா” என்றாள் பிள்ளையிடம். பிள்ளை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது.