மாடுகளில்லாத ஊரில் ஒரு மிருக வைத்தியர்

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருதயநாதன் அண்ணை குடியிருந்த கட்டடத்தின் பராமரிப்பாளர் சென்ற செவ்வாய்க்கிழமை காலை எனக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணை நித்திரையிலேயே இறந்துவிட்டாராம். அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் ஒரேயொரு தொலைபேசி இலக்கம்தான் இருந்ததாம். அது என்னுடையது. நான் அவருடன் பேசி ஒரு வருடத்துக்கு மேல்.

எங்கள் தேவாலயப் பங்கிலே உங்களில் பலருக்கு அவர், பூசை முடிந்ததும் கடைசி வரிசை வாங்கிலிருந்து எழுந்து போய்விடும் ஒரு மன்னார்க்காரர். சாம்பியாவில் பதினெட்டு வருடம் மிருக வைத்தியராக இருந்தவர். மனைவியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தவர். இங்கே அவருடைய பட்டம் செல்லவில்லை. லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில், எனக்குப் பக்கத்து மேசையில், கணினியில் தரவு பதிந்தார். முதல் நாள் "டொக்டர்" என்று கூப்பிட்டேன். "மாடில்லாத ஊரிலை என்ன டொக்டர், தங்கச்சி. அண்ணை எண்டு சொல்லுங்கோ" என்றார்.

சாம்பியக் கிராமங்களில் மாடுகளின் காதில் எண் குத்தி, எது யாருடையது, எப்போது உண்ணி மருந்தில் இறக்கிக் குளிப்பாட்டியது என்ற விவரங்களை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைப் பதிவோம். "உண்ணியைக் கொல்லுறது லேசு. எந்த மாட்டிலை மருந்து பட்டதெண்டு தெரியாட்டி ஒரு பிரியோசனமும் இல்லை" என்பார்.

ஒரு நாள் நான் ஒரு பக்கத்தை மாற்றிப் பதிந்துவிட்டேன். ஒரு விதவையின் பதினொரு மாடுகள் மருந்து படாத பட்டியலில் ஏறிவிட்டன. அங்கே சோதனைச் சாவடியில் அவற்றை மறித்து, நோய் பரவும் என்று கொல்லப்போனார்கள். அண்ணை மூலப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்து, உடனே அங்கேயுள்ள கால்நடை அலுவலகத்துடன் தொலைபேசியில் அவர்களுடைய பாஷையிலேயே கதைத்தார். மாடுகளை விட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டே.

யார் பதிந்தது என்று மேலாளர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணை, "நான்தான்" என்றார். அந்த மாதத்தோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பேந்து டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவாக்கப் போனார்.

ஒருமுறை பார்க் மெட்ரோவில் அவரைக் கண்டேன்.

"அண்ணை, நான் அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

"உங்களுக்கு ரெண்டு பிள்ளையள். எனக்கு ஆர் இருக்கினம்? அந்த மனுசியின்ரை மாடெல்லாம் வீட்டை போயிட்டுது. அது காணும்."

ரயில் வந்தது. வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கோ என்று நான் சொல்லவில்லை.

அடக்கப் பூசைக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று பங்குச் சுவாமி கேட்டபோதும் நான் எழும்பவில்லை. லொங்குய்யில் அதே மேசையில் நான் இன்னமும் வேலை செய்கிறேன். அந்த வேலை அவர் எனக்கு விட்டுப்போனது. அவருடைய பெயரில் எழுதப்பட்ட அந்தப் பிழை என்னுடையது. அதை இனி என் பெயரிலேயே நான் வைத்துக்கொள்கிறேன்.