லிஸ்பன் வராந்தாவில் இரண்டு மச்சான்கள்

1. ரூமிங் லிஸ்ட்

சென்னை விமான நிலையத்தில் என் டூர் பயணிகளுக்குப் போர்டிங் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளிப்பட்டு முனிரத்தினம் என்னை ஓரமாக வரச் சொன்னார். கரும்பும் மிளகாயும் பயிர் செய்பவர். அறுபத்து மூன்று வயது. முதல்முறையாகப் பேண்ட் போட்ட சங்கடத்தில் இருந்தார்.

“மேடம், அங்க மஞ்சப் பையோட நிக்கிறாரே ஒருத்தரு, அவரு நம்ம குரூப்பா?”

லிஸ்டைப் பார்த்தேன். “ஆமாங்க. அம்மையார்குப்பம் தனஞ்செயன். உங்க ரூம் பார்ட்னர் அவருதான்.”

“ரூம் பார்ட்னரா? அந்தாளு எம் பொண்டாட்டியோட தம்பி. நாலு வருசமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாது.”

நான் பதில் யோசிப்பதற்குள் மஞ்சப் பைக்காரரே வந்துவிட்டார். விசைத்தறி வைத்திருப்பவர், ஒல்லியான மனிதர். முனிரத்தினம் அங்கே நிற்பதே தெரியாதவர்போல என்னிடம் மட்டும் பேசினார். “மேடம், எனுக்கு வேற ரூமு போட்டுக் குடுங்க.”

வேறு ரூம் இல்லை. பன்னிரண்டு பயணிகள்; ஐந்து தம்பதிகள், இவர்கள் இருவர்; ஆக ஆறு ட்வின் ரூம். லிஸ்பனில் அது திருவிழா வாரம். வேறொரு பயணிக்காக முன்பே ஓர் அறை கூடுதலாகக் கேட்டதற்கு அங்கிருந்த ஏஜெண்ட் சிரிக்கிற படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தார்.

“அப்டின்னா அவரு திரும்பிப் போவட்டும். எம் பொண்ணு கல்பனா எனுக்கோசரம் புக் பண்ண டூரு இது” என்றார் முனிரத்தினம்.

“எனுக்கும் கல்பனாதான் புக் பண்ணிச்சி. எங்க அக்கா பொண்ணு பாசமா குடுத்தத நான் இன்னாத்துக்கு உட்டுட்டுப் போவணும்?” என்றார் தனஞ்செயன், கூரையைப் பார்த்து.

கல்பனா சென்னையில் பல் மருத்துவர். அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே டூரில் சீட்டு எடுத்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. விமானம் ஏறக் கடைசி அழைப்பு வந்தது. யாரும் திரும்பிப் போகவில்லை.

இந்த டூரே எங்கள் எம்.டி.யின் யோசனை. “எல்லாரும் யூரோப்னா ஈஃபில் டவரு காட்றான். நாம ஒரே ஒரு தேசத்தப் பிடிப்போம். போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல எங்கெங்க போனானோ அங்கெல்லாம் போவோம். கோவா, மலாக்கா, கடைசியா அவன் சொந்த ஊரு” என்றார். நானும் உற்சாகமாகக் குறிப்பு எழுதினேன். போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்களை ஒரு பட்டியலாக வாட்ஸப் குரூப்பில் போட்டேன். சாவி, ஜன்னல், வராந்தா, அலமாரி, துவாலை, அன்னாசி, மேஸ்திரி, பாதிரி. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாரோ ஒருவர் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ அனுப்பினார். பட்டியல் மேலே போய்விட்டது.

2. கோவாவில் மிளகாய்

முதல் நாள் காலை ஆறு மணிக்கு என் ரூம் போன் அடித்தது.

“மேடம், முனிரத்தினம் பேசறேன். அந்த ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க.”

“ஏன், வேலை செய்யலையா? ரிசப்ஷனுக்குச் சொல்லட்டுமா?”

“வேல செய்யுது. ரிமோட்டு பக்கத்துக் கட்டில்ல கீது.”

நான் போனை வைத்துவிட்டுத் தனஞ்செயனின் செல்போனுக்கு அடித்தேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவே நாலடிகூட இருக்காது. “அவருக்கு இன்னா, கரும்புத் தோட்டத்துல வெயில்ல நிக்கிற ஒடம்பு, குளிரத் தாங்கலியா?” என்றவர் ஏசியைக் குறைத்துவிட்டு, “கொறச்சிட்டன்னு சொல்லுங்க” என்றார். அதையும் சொன்னேன். இப்படியே மூன்று நாள் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக இருந்தேன். பாத்ரூம் விளக்கு, குறட்டை, சோப்பு டப்பா என்று எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தன.

மதிய உணவு ஒரு பழைய கோவா வீட்டில். வினிகரும் பூண்டும் மிளகாயும் சேர்த்த விண்டாலு குழம்பு, கோழி போட்டுச் செய்திருந்தார்கள். எங்கள் கைடு பெண், மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே போர்ச்சுகீசியர்கள்தான் என்று சொன்னாள். நான் தமிழில் சொல்லி முடித்ததும் முனிரத்தினம் கையைத் தட்டில் இருந்து எடுத்துவிட்டார்.

“யாரு சொன்னது? மொளகா நம்முளுது. நாலு தலமொறையா வெக்கறோம். இவங்க கொண்டாந்தாங்கன்னா அதுக்கு முன்ன நம்ம ஆளுங்க கொழம்புல இன்னாத்த போட்டாங்க?”

அடுத்த மேசையில் இருந்து, சுவரைப் பார்த்தபடி, ஒரு குரல் வந்தது. “மிளகு.”

தனஞ்செயன்தான். நான்கு ஆண்டுகளில் முனிரத்தினத்தின் கேள்விக்கு அவர் சொன்ன முதல் பதில் அது. முனிரத்தினம் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு என்னிடம், “அவரக் கேட்டது யாருன்னு கேளுங்க மேடம்” என்றார். நான் கேட்கவில்லை. என் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

3. மலாக்காவில் நடனம்

மலேசியாவின் மலாக்காவில் கடலோரமாகப் போர்ச்சுகீசிய வம்சாவளி மீனவர்களின் குடியிருப்பு இருக்கிறது. ஐந்நூறு ஆண்டு ஆகியும் தங்கள் பழைய மொழியை இன்னும் பேசுகிறார்கள். அங்கே ஒரு கூடத்தில் ‘பிரான்யோ’ என்னும் நடனம் காட்டினார்கள். வயலின் வாசிப்பார்கள், ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று முன்னே போய், பின்னே வந்து ஆட வேண்டும். பார்ப்பவர்களையும் இழுத்து ஆட வைப்பது வழக்கம்.

ஐந்து தம்பதிகளும் ஜோடியாகப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இருவர். நடனம் சொல்லிக்கொடுத்த பெரியம்மாவுக்கு எங்கள் ஊர்ச் சண்டை தெரியாது. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு வந்து நேருக்கு நேர் நிறுத்திவிட்டார். நான் ஆங்கிலத்தில் மெதுவாகத் தடுத்துப் பார்த்தேன். அவர், “நோ ஷை, நோ ஷை” என்றார்.

முனிரத்தினத்துக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலை ஏறும்போது ஆடுவது. வயலினுக்கு அதையே ஆடினார். தனஞ்செயனும் அதே காவடிக்காரர்தான். ஒருவர் மோட்டுவளையையும் மற்றவர் தன் செருப்பையும் பார்த்தபடி ஆடியதில் இரண்டு முறை தோள் இடித்துக்கொண்டார்கள். அந்தப் பெரியம்மா அதை மிகவும் ரசித்து, இது எந்த நாட்டு ஸ்டெப் என்று என்னிடம் கேட்டார். திருத்தணி என்றேன்.

அன்றும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலை என் ரூம் போன் அடிக்கவில்லை. ஏசிக்கு என்ன வழி கண்டுபிடித்தார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

4. மூன்றாவது மாடி

லிஸ்பனில் நாங்கள் தங்கியது குறுகலான மேட்டுத் தெருவில் ஒரு பழைய கட்டடம். நடத்துகிறவர் லூர்தெஸ் அம்மா. எழுபது வயது இருக்கும். மூன்றாவது மாடியில் ஒரு பக்கம் அவருடைய வீடு, மறுபக்கம் எங்கள் மச்சான்களின் அறை. அந்த அறைக்குத் தெருவைப் பார்த்த சிறிய வராந்தா. அதை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில், லூர்தெஸ் அம்மாவின் சமையலறை ஜன்னல்.

அன்று புனித அந்தோணியார் திருவிழா. தெருவெல்லாம் வண்ணக் காகிதத் தோரணம். வாசலுக்கு வாசல் அடுப்பு வைத்து மத்தி மீன் சுட்டார்கள். மதியம் ஊர்வலம். மற்றவர்களை நான் அழைத்துப் போனேன். வேட்டி துவைக்க வேண்டும் என்று தனஞ்செயன் தங்கிவிட்டார். முனிரத்தினம் கால் வலி என்று வரவில்லை. மீன் புகை பிடிக்காமல் மதியம் சாப்பிடவும் இல்லை. அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். சாப்பாடு தவறக் கூடாது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். நான் ஒரு ரொட்டியாவது வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வைக்கவில்லை.

நடந்ததைப் பிறகு இருவரும் சொல்லித் தெரிந்துகொண்டேன். தனஞ்செயன் துவைத்த வேட்டியை வராந்தாவில் உலர்த்தப் போயிருக்கிறார். தெருவில் மேளச் சத்தம் கேட்டு முனிரத்தினமும் எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பிடி இல்லை. இருவரின் செல்போனும் உள்ளே.

அரை மணி நேரம் ஆளுக்கொரு மூலையில் நின்றிருக்கிறார்கள், அப்போதும் பேசாமல். பிறகு முனிரத்தினத்துக்குக் குப்பென்று வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை இறங்குகிறது என்று தனஞ்செயனுக்குப் புரிந்துவிட்டது. தனஞ்செயனின் அம்மாவுக்கும் இதே வியாதி. கீழே மீன் சுட்டுக்கொண்டிருந்த லூர்தெஸ் அம்மாவைப் பார்த்துக் கத்தினார். தமிழில் கத்தினார், தெலுங்கில் கத்தினார். அந்தம்மா சிரித்துக் கையசைத்தார்.

அப்போதுதான் என் பட்டியல் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. “சாவி! சாவி!”

லூர்தெஸ் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். மாற்றுச் சாவியோடு மேலே ஓடினார். அறைக் கதவு திறந்தது. நாலு விரல் அகலத்துக்குமேல் நகரவில்லை. முனிரத்தினம் எந்த ஊரில் தங்கினாலும் உள்பக்கம் சங்கிலி மாட்டிவிட்டுத்தான் உட்காருவார். கதவு இடுக்கில் கூப்பிடுகிற குரல் கேட்டு, தனஞ்செயன் பட்டியலில் அடுத்ததை எடுத்தார். “ஜன்னல்! ஜன்னல்!”

அதுவும் புரிந்தது. அந்தம்மா தன் சமையலறை ஜன்னலுக்கு வந்தார். அதற்குள் முனிரத்தினத்தின் தலை சாய்ந்துவிட்டது. தனஞ்செயன் பதறிப்போய் மிச்சம் இருந்த சொற்களை எல்லாம் அவிழ்த்துவிட்டார். “வராந்தா! மேஸ்திரி! பாதிரி! பாதிரி!”

மேஸ்திரி என்றதும், கதவைக் கழற்ற ஆள் கேட்கிறார் என்று அந்தம்மா சரியாகவே புரிந்துகொண்டார். பாதிரி என்றதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கிடப்பவர் கடைசி மூச்சில் இருக்கிறார், பாதிரியாரைக் கேட்கிறார் என்று முடிவு செய்து, தெருவில் நின்றவர்களிடம் இரண்டு பேரையும் கூட்டிவரச் சொல்லிக் கத்தினார்.

நான் பத்துப் பேரோடு தெருமுனை திரும்பியபோது, கறுப்பு அங்கி போட்ட வயதான பாதிரியார் ஒருவர் எங்கள் விடுதிக்குள் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் உளியும் திருப்புளியுமாக ஒரு தச்சர். தெருவில் கூட்டம் மேலே பார்த்து நின்றது. சிலர் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

இருபத்தாறு வருட வேலையில் நான் அப்படி ஓடியதில்லை. மூன்று மாடி எப்படி ஏறினேன் என்று தெரியாது. சங்கிலி போட்ட கதவைப் பார்த்தேன். பாதிரியார் லூர்தெஸ் அம்மாவின் வீட்டுக்குள் போக, நானும் பின்னாலேயே போனேன்.

சமையலறை ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. முனிரத்தினம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. தனஞ்செயன் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரு கிண்ணத்தில் இருந்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். திருவிழாவுக்காகச் செய்து வைத்திருந்த பால்சோறு, சர்க்கரை போட்டு மேலே லவங்கப்பட்டைத் தூள் தூவியது. தனஞ்செயன் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதுபோல் காட்டியதும் அந்தம்மா ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறார்.

“இன்னும் ரெண்டு வாய் துன்னு பாவா.” அக்கா புருஷனை அவர் முறை சொல்லிக் கூப்பிடுவதை அப்போதுதான் கேட்டேன்.

“போதும்டா.”

“போதும்னா எப்டி. துன்னு.”

முனிரத்தினம் விழுங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “கல்யாணத்துக்கு ஏன்டா வரல? தாய்மாமன் இல்லாம எம் பொண்ணு மணையில குந்திகினு இருந்தா. முகூர்த்தம் போவுது, அவ வாசலயே பாத்துகினு இருந்தா.”

ஸ்பூன் நின்றது. “பத்திரிகைல எம் பேரே இல்லியே பாவா. நான் எப்டி வருவேன்?”

“பிரஸ்ஸுக்காரன் உட்டுட்டான். பாத்ததும் அத்தினி பத்திரிகையும் திருப்பி அடிச்சேன். உனுக்கு மொத லாட்டுல ஒண்ணு யாரோ குடுத்துட்டாங்க.”

“அத அன்னிக்கே சொல்றதுதான?”

“நீ எங்க போன எடுத்த? வூட்டாண்ட வந்தேன். தறி சத்தத்துல நான் கூப்டது உனுக்குக் கேக்கலயோ இன்னாவோ. உள்ள இருந்துகினே நீ வரலன்னு நெனச்சிகினு திரும்பிட்டேன்.”

தனஞ்செயன் கிண்ணத்தை வழித்துக் கடைசி ஸ்பூனை ஊட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. பாதிரியார் என்னைப் பார்த்து, யார் இறக்கப்போகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியானால் தனக்கும் ஒரு கிண்ணம் பால்சோறு வேண்டும் என்று லூர்தெஸ் அம்மாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தச்சர் சங்கிலியைக் கழற்றி முடிக்க அவ்வளவு நேரம் ஆனது.

5. ரிமார்க்ஸ் கட்டம்

அன்று மாலை கல்பனாவுக்குப் போன் செய்து சொன்னேன். முதலில் பயந்தாள், பிறகு அழுதாள், அதன் பிறகு கேட்டாள். “மேடம், நான் ரெண்டு பேருக்கும் தனித்தனி ரூம்னுதான சொல்லியிருந்தேன்? மெதுவா பாத்துப் பேசிக்கட்டும்னு நெனச்சேன். ஒரே ரூம்ல போட்டா கொலையே உழும்னு தெரியாதா?”

மெயிலைத் திறந்து பார்த்தேன். புக்கிங் படிவத்தின் கடைசியில், ரிமார்க்ஸ் என்னும் கட்டத்தில், தெளிவாக எழுதியிருந்தாள். நான் படிக்கவே இல்லை. அவர்கள் ஒன்று சேர்ந்ததற்கு என் கவனக்குறைவு ஒரு காரணம். முனிரத்தினம் வராந்தாவில் மயங்கியதற்கும் அதே கவனக்குறைவு ஒரு காரணம். இரண்டையும் சேர்த்தே எம்.டி.யிடம் ரிப்போர்ட்டாகக் கொடுத்தேன். அவர் முதல் பாதியை மட்டும் படித்தார்.

“சூப்பர்மா. இனிமே சண்ட போட்ட சொந்தக்காரங்களா பாத்து ஒரே ரூம்ல போடு. இத விளம்பரத்துலயே போட்றலாம்.”

எனக்கும் அப்போது கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அடுத்த போர்ச்சுகல் டூரில் ஆர்.கே.பேட்டையில் இருந்து ஓர் அக்காவும் தங்கையும் வந்தார்கள். பல வருடமாகப் பேச்சில்லை என்று தெரிந்தது. தனி ரூம் கேட்டு ரிமார்க்ஸில் எழுதியிருந்தார்கள். நன்றாகப் படித்தேன். படித்துவிட்டே ஒரே ரூமில் போட்டேன். கோவாவில் பேசவில்லை. மலாக்காவில் ஆடவில்லை. லிஸ்பனில் வராந்தா உள்ள அறையாகப் பார்த்துக் கொடுத்தும் இருவரும் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. டூர் மேனேஜர் பயணிகளின் சொந்த விஷயத்தில் தலையிடுகிறார், கேட்டதைக் கொடுப்பதில்லை, மரியாதை தெரியாதவர் என்று நாலு பக்கம். பாதி வரை ஒரு கையெழுத்து, மீதி வேறொரு கையெழுத்து. கடைசியில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.