ரஞ்சியக்காவின் கைப்பைக்கு ஏற்ற துவக்கு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைத்துப்பாக்கிகளில் ஆகச் சிறியதைத்தான் மரியரஞ்சனி விரலால் காட்டினாள். கடைக்காரன் அதை எடுத்து, உள்ளே ரவை இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, அவள் கையில் வைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கிப் போயிற்று. பூசைக்குக் கொண்டுபோகும் கறுப்புக் கைப்பைக்குள் போட்டால் இருக்கிற இடமே தெரியாது. ஆனந்தராஜாவின் நெஞ்சுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்தாள்.

"எந்தப் போட்டிக்கு எடுக்கிறீர்கள்?" என்று கடைக்காரன் கேட்டான்.

அவளுக்குப் போட்டியின் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. "பாரம் குறைவானதாக இருக்க வேண்டும்" என்றாள் நோர்வே மொழியில். "சின்னதாகவும்."

கடைக்காரன், அவளோடு வந்திருந்த ஆன்ட்ரியாஸின் முகத்தைப் பார்த்தான். ஆன்ட்ரியாஸ் அவள் சேர்ந்திருந்த துப்பாக்கிச் சுடும் கழகத்தின் பயிற்சியாளர். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனிதர். "பாரம் குறைந்தால் சுடும்போது கை துள்ளும், ரஞ்சனி. குறி தவறும்" என்றார். "எங்களுக்குப் பாரம் வேண்டும். இது சேகரித்து வைக்கிறவர் ஒருவருக்காக வந்தது. மற்றப்படி உடுப்புக்குள் மறைத்துத் திரிகிறவர்கள்தான் இந்த அளவைத் தேடுவார்கள். இங்கே அப்படித் திரிய விடமாட்டார்கள். இதற்குப் பொலிஸ் அனுமதி தராது."

"நான் சும்மா கேட்டேன்" என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். கை மட்டும் கொஞ்ச நேரம் அந்த அளவிலேயே மடிந்திருந்தது.

மரியரஞ்சனி மன்னார்க்காரி. ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்திவிடுவது, படுக்கை மாற்றுவது. கணவர் றெஜினோல்ட் மாரடைப்பில் போனபிறகு மகன் நிலனை ஒற்றை ஆளாக வளர்த்தாள். யாரோடும் சண்டைக்குப் போகாத மனுசி, அதிர்ந்து கதைக்காத மனுசி என்று ஊர் நற்சான்று கொடுத்திருந்தது. ஊருக்கு என்ன தெரியும்.

நிலனைக் கொன்றது ஆனந்தராஜாவின் கார். ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா. மண்டபத்துக்குள் கேக் வெட்டிக்கொண்டிருக்க, வெளியே வாகனத் தரிப்பிடத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் போத்தலை உடைப்பது எங்கள் ஆண்களின் வழக்கம். பெண்கள் அதைக் கண்டும் காணாததுபோல இருப்பார்கள், அதுவும் வழக்கம்தான். டிக்கிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த ஆனந்தராஜா, "நான் போற வழிதானே, தம்பியை இறக்கிவிடுறன்" என்றான். போகிற வழியில் கார் பாலத்துத் தூணில் ஏறியது. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நிலன் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான்.

குடித்ததைக்கூட அவள் ஒருவேளை செமித்திருப்பாள். செமிக்க முடியாதது, நீதிமன்றத்தில் அவன் சொன்னது. பக்கத்தில் இருந்த பெடியன் பகிடி விட்டுக் கையைப் பிடித்து இழுத்தான், அதில்தான் கவனம் சிதறியது என்றான். செத்தவனா எழும்பி வந்து மறுக்கப் போகிறான்? தண்டனை குறைந்தது. நல்ல பிள்ளையாக உள்ளே இருந்ததில் இன்னும் குறைந்தது. அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு ஆனந்தராஜா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசகம் வாசித்தான். குரல் கணீரென்றிருந்தது. மரியரஞ்சனி அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள்.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் முதலில் கழகத்தில் சேர வேண்டும், பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஒழுங்காக வந்து சுட வேண்டும். பிறகுதான் பொலிசிடம் கேட்கலாம். பொறுமை இல்லாதவன் இதிலேயே சலித்துப் பழியை மறந்துவிடுவான் என்று சட்டம் போட்டவர்கள் நினைத்தார்களோ என்னவோ. மரியரஞ்சனியிடம் பொறுமை தாராளமாக இருந்தது. முதியோர் இல்லத்தில் ஒரு கோப்பை கஞ்சியைத் தீத்தி முடிக்கிறவளுக்கு அது ஒரு வேலையா?

சின்னத் துவக்கின் பாரத்தைத் தொலைபேசியில் தேடிப் பார்த்து, அதற்குச் சரியாக ஒரு பக்கற் மைசூர்ப் பருப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஞாயிறு தோறும் பூசைக்குப் போனாள். பைப்பட்டி தொய்கிறதா, முழங்காலில் இருக்கும்போது பை எங்கே விழுகிறது, நற்கருணைக்கு வரிசையில் போகையில் கை எட்டுகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டாள். சமாதானம் சொல்லும் நேரத்தில் ஆனந்தராஜா தூரத்தில் நின்று அவள் பக்கம் கைகூப்புவான். அவள் பருப்பைத் தடவிக்கொள்வாள்.

கடையில் அந்தச் சின்னது கிடைக்காது என்று தெரிந்தபிறகும் அவள் பின்வாங்கவில்லை. பெரியதென்றால் பெரிய பை வாங்கினால் போயிற்று. குளிர்காலம் வந்தால் மேலங்கிக்குள் ஒரு ஆட்டுக்குட்டியையே மறைக்கலாம்.

அவள் விட்ட பிழை வேறு. கழகத்தின் சுடும் இடம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில், பழைய பதுங்குகுழியில் இருந்தது. வெள்ளைக்காரர் மட்டும் வருகிற இடம், எங்கடை சனத்தின் கண்ணில் படாது என்று நம்பி, வேலை இல்லாத சனிக்கிழமையைக் கேட்டு வாங்கினாள். அதே பள்ளிக்கூடத்தின் மேல்மாடியை ஆவணியிலிருந்து சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார், காதுக்கவசத்தைக் கழுத்தில் மாட்டியபடி படியேறி வந்த ரஞ்சியக்காவைக் கண்டார்கள். கீழே என்ன நடக்கிறது என்று விசாரித்தார்கள். ஆனா ஆவன்னா முடிவதற்குள் ஒஸ்லோ முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவள் இருந்த வாங்கில் வேறு யாரும் இருக்கவில்லை. வாசகம் வாசிக்க வந்த ஆனந்தராஜாவின் கண், எழுத்தை விட்டு அவளுடைய கைப்பைக்குப் போனது. ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தான். அவள் மெல்லப் பையைத் திறந்து மூக்குத் துடைக்கும் கடதாசியை எடுத்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் குனிந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

அந்தக் கிழமையே அவனுடைய மனைவி அருள்நாயகி வீடு தேடி வந்தாள். "அவர் சாப்பிடுறேல்லை அக்கா, படுக்கிறேல்லை. எங்களுக்கும் பிள்ளையள் இருக்கு."

"எனக்கும் இருந்தவன்" என்றாள் மரியரஞ்சனி. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பைக்குள் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. அந்த இன்பத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஐப்பசியில் ஆன்ட்ரியாஸ் அவளைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். கழகத்தில் அவளளவு ஒழுங்காக வந்தவர் இல்லை, இனிப் பொலிசுக்கு விண்ணப்பிக்கலாம், கழகம் ஆதரவாக எழுதிக் கொடுக்கும் என்றார். அன்று அவள் கழகத்தின் பாரமான துப்பாக்கியால் சுட்டாள். ரவைகள் நடுவட்டத்திலேயே விழுந்தன. இந்த மனிதரை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் உறுத்தியது. பிறகு நீதிமன்றத்தில் பொய் சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் பக்கத்தில் கணீரென்று வாசித்த அந்தக் குரல் ஞாபகம் வந்தது. உறுத்தல் போய்விட்டது.

மேலே ஏறி வந்தாள். வகுப்புத் தொடங்கித் தாய்மார் கலைந்திருந்தார்கள். படியின் உச்சியில் ஆனந்தராஜா நின்றான். மெலிந்திருந்தான். முகத்தில் கிழமைக்கணக்கில் சவரம் இல்லை.

"அக்கா, இதோடை முடியுங்கோ" என்றான். "நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன். பொலிசுக்கும் போகமாட்டன். எங்கை வரச்சொன்னாலும் வாறன். பிள்ளையள் பாக்காத இடமா இருந்தாக் காணும்."

அவள் பையை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"கோட்டிலை சொன்னது பொய். அவன் பகிடி விடேல்லை. கையைப் பிடிக்கேல்லை. அவன் நித்திரை அக்கா. சீட்டைச் சாய்ச்சுப்போட்டு நித்திரை."

"எனக்குத் தெரியும்" என்றாள் மரியரஞ்சனி. "சின்னனிலை இருந்து கார் வெளிக்கிட்டா அவன் நித்திரைதான்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டான். அவள் அவனை மேலிருந்து பார்த்தாள். மாதக்கணக்காக அவள் காத்திருந்தது இந்த முகத்தைத்தான். கெஞ்சுகிற முகம். ஆனால் அவன் உயிரைக் கேட்டுக் கெஞ்சவில்லை, சாவைக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அதைக் கொடுத்தால் அவன் ஆறிவிடுவான், நான் எரிவேன் என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. கோபம் ஒரு துளியும் குறையவில்லை. முதன்முறையாக அதற்கு ஒரு வழி தெரிந்தது.

"உன்னை நான் சுடமாட்டன்" என்றாள். "நீ போயிட்டா என்ரை பிள்ளையின்ரை கடைசி நேரத்தைக் கண்ட ஆள் ஒருத்தரும் இல்லை. நீ இருக்கவேணும். கனகாலம் இருக்கவேணும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய எனக்கு முன்னாலை வந்து இருந்து, அவன் உன்ரை காரிலை ஏறினதிலை இருந்து சொல்லவேணும். ஒண்டும் விடாமல். பொய் இல்லாமல்."

"ஒவ்வொரு ஞாயிறுமோ?"

"ஓம்."

ஆனந்தராஜா அவளை அண்ணாந்து பார்த்தான். அந்தக் கணத்தில் அவன் துவக்கையே விரும்பியிருப்பான். அவளுக்கும் அது தெரிந்தது.

இப்போது பூசை முடிந்தால் மண்டபத்தின் மூலை மேசையில் இரண்டு பேரும் இருப்பதைச் சனம் காண்கிறது. மன்னித்துவிட்டாள், தெய்வப்பிறவி என்று சொல்கிறார்கள். அவன் சொல்வான், அவள் கேட்பாள். எந்தப் பக்கம் தலை சாய்ந்திருந்தது? சப்பாத்தைக் கழற்றியிருந்தானா? காருக்குள் சூடு போட்டிருந்தாயா? அம்மா என்றானா? அவன் கோப்பி ஒருநாளும் குடித்து முடிந்ததில்லை. அவள் முடித்துவிட்டு எழும்புவாள். வாசகம் வாசிப்பதை அவனே நிறுத்திவிட்டான். பொலிசுக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. ஆன்ட்ரியாஸுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

தை மாதத்து ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. மேசையில் தனியே இருந்து பார்த்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினாள். தன் பிள்ளை பிந்தி வருகிற நாட்களில் பார்த்ததுபோலப் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

அருள்நாயகிதான் எடுத்தாள். "அவருக்குக் கடும் காய்ச்சல் அக்கா. எழும்பேலாமல் கிடக்கிறார். அடுத்த கிழமை கட்டாயம் வருவார்."

"போனை அவரின்ரை காதிலை வையும்" என்றாள் மரியரஞ்சனி.

அந்தப் பக்கம் போர்வை அசைந்தது. மூச்சு இழுப்பது கேட்டது. அவள் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, தொலைபேசியைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"ம், சொல்லு" என்றாள். "நிலன் கதவைத் திறந்து ஏறினவன். பிறகு?"