அளவெடுத்துக் கட்டிய பாத்ரூம்

பெரியவளுக்கு இரண்டு வருஷமாக வயிறு எரிந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மாமியார் தன் வீட்டை விட்டுப் போய், கொழுந்தன் வீட்டில் இருக்கிறாராம்! எத்தனையோ மருமகள்கள் மாமியார் எப்போது கிளம்புவார் என்று காத்துக்கிடக்க, இவளுக்கு இப்படி ஒரு கஷ்டம்.

பதினெட்டு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். பெரியவள் தையல்காரி. அவள் மிஷினை மிதிப்பாள், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் வைப்பார். இரண்டு பேர் வாயும் மூடாது. யாருக்கு இடுப்பு பெருத்தது, யார் வீட்டில் யாரோடு பேச்சில்லை என்று எல்லாம் அங்கே அலசப்படும். அப்புறம் ஒருநாள் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். பழைய வீடு, நாலடிக்கு ஆறடி பாத்ரூம், தேய்ந்து வழவழத்துப்போன தரை. "ஒரு மாசம் எங்க வீட்டுல இருந்துட்டு வரட்டும் அண்ணி" என்று கொழுந்தன் அழைத்துப் போனான். அந்த ஒரு மாசம் இன்னும் முடிந்தபாடில்லை.

போன் பண்ணினால் ஒரே பேச்சு. "சின்னவ வீட்டு பாத்ரூம்ல தரை சொரசொரன்னு இருக்கும்மா. பிடிச்சுக்கக் கம்பி வேற வச்சிருக்கா." சின்னவ, சின்னவ, சின்னவ! பெரியவளுக்குக் காதில் புகை வராத குறைதான். அந்த வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை. நேற்று வந்த ஓரகத்தி வீட்டில் தன் அத்தை கால் நீட்டி உட்கார்ந்திருப்பதை எந்தக் கண்ணால் பார்ப்பது?

"இங்கேயும் பாத்ரூமை மாத்திடுவோம்" என்றாள் கணவனிடம்.

"மேஸ்திரியைக் கூப்பிடவா?"

"மேஸ்திரி வச்சு யார் வேணும்னாலும் கட்டலாம். நான் என் கையால கட்டப்போறேன்."

அவன் கடைக்குப் போய் உளியும் சுத்தியலும் வாங்கிக் கொடுத்தான். பிழைக்கத் தெரிந்தவன்.

பழைய தரையைப் பெயர்க்கவே நாலு நாள் ஆனது. சல்லியை மூட்டை கட்டி வெளியே தள்ளி, சிமெண்ட் பூசி, ஒவ்வொரு தடவையும் ஒரு கப் தண்ணீர் ஊற்றி அது வடிகால் குழியைப் பார்த்து ஓடுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். ஓரத்து டைல்ஸில்தான் கோட்டை விட்டாள். அளந்து, கோடு போட்டு, கட்டரால் ஒன்பதை வெட்டினாள். ஒன்பதும் சுவரில் முட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் அரை இஞ்ச் கூடுதல்.

"அட, தையலுக்கு விட்டிருக்கே!" கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "விடு, உள்பக்கமா மடிச்சு அடிச்சுடு."

"சிரிங்க, சிரிங்க. அத்தை வந்து உட்காரும்போது யார் சிரிக்கிறாங்கன்னு பார்க்கலாம்."

கம்பி வைக்கும்போது மட்டும் அவள் தடுமாறவே இல்லை. அளவு நோட்டைப் பிரித்தாள். தோள், கை, தோளிலிருந்து பாதம் என்று மாமியாரின் ஒவ்வொரு அளவும் அதில் இருந்தது. சின்னவள் வீட்டில் மேஸ்திரி ஏதோ ஒரு குத்துமதிப்பில் அடித்திருப்பான். இது அத்தைக்கென்றே அளவெடுத்தது. எங்கே போவார் இனி?

ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஒரு பையோடு வந்தார். "பிடிச்சா இங்கேயே இருந்துடுறேன்" என்றார். பெரியவளுக்கு அந்த வார்த்தை போதும்.

குளித்து, நைட்டி மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். "தரை அருமையா இருக்கும்மா. கம்பிதான் எட்டலை. பஸ்ல தொங்குற மாதிரி இருக்கு."

"எட்டலையா? உங்க அளவு பார்த்துத்தானே அத்தை வச்சேன்!"

டேப்பை எடுத்தாள். தோளில் வைத்துப் பாதம் வரை இறக்கினாள். நோட்டில் இருந்ததைவிட இரண்டரை இஞ்ச் குறைவு. முதுகு அவ்வளவு வளைந்திருந்தது. குனிந்தவள் கண்ணில் நைட்டியின் கீழ்மடிப்பு பட்டது. மடிப்புக்கு மேல் மடிப்பு. கையால் போட்ட கோணல் தையல், ஒன்று நீளம், ஒன்று குட்டை.

"யாரு மடிச்சது?"

"சின்னவதான். தடுக்கி விழுந்துடுவேன்னு போன வருஷம் ஒரு தடவை மடிச்சா. நான் இன்னும் குறுகிட்டேன்னு இப்ப மறுபடியும்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஊசி பிடித்துப் பழகாத சின்னவள், அத்தை குறுகிப்போவதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். தான் பார்க்கவில்லை. பாத்ரூம் பெருமையைக் கேட்டுக்கூட வராத அளவு பொறாமை அந்தக் கோணல் தையலைப் பார்த்து வந்தது.

"கழட்டிக் குடுங்க அத்தை. பிரிச்சு மிஷின்ல அழகா அடிச்சுத் தர்றேன். அஞ்சே நிமிஷம்."

மாமியார் நைட்டியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா. விரல்ல குத்திக் குத்திக்கிட்டு தச்சது. பிரிச்சா அவ மனசு கஷ்டப்படும்."

மத்தியானத்துக்குள் பெரியவள் கம்பியை இரண்டரை இஞ்ச் இறக்கிவிட்டாள். மாமியார் பிடித்துப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு" என்றார். அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். சாயங்காலம், பையை எடுத்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்குக் கிளம்பினார்.