அதற்குப் பெயர் மல்லுக்கட்டு

புருல்கானின் ஊரில் அதைச் சண்டை என்று யாரும் சொல்வதில்லை. மல்லுக்கட்டு என்பார்கள், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஒரு பெண்ணை நாலு தடியன்கள் கடைத்தெருவில் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்குள் இழுத்து, தலையில் வெள்ளை முக்காட்டைக் கட்டிவிட்டால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். அவள் கத்துவாள், உதைப்பாள், பிறாண்டுவாள். நல்ல குடும்பத்துப் பெண் என்றால் மல்லுக்கட்டத்தானே செய்வாள் என்பார்கள். மல்லுக்கட்டாமல் வந்தவளை வெட்கங்கெட்டவள் என்பதும் அதே வாய்தான். ஆக, வேண்டாம் என்று அலறினாலும் சம்மதம், அலறாவிட்டாலும் சம்மதம். சட்டம் இதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டிய போலீஸ்காரர் விருந்துக்கு வந்து, நெஞ்செலும்புக் கறியாகப் பார்த்துக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போவார். தூ.

புருல்கான் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. நாரின் என்ற அந்த மலைநாட்டுக் குளிரில் விறைத்துப்போன மாவைத் தனி ஆளாக மூட்டைக் கணக்கில் பிசைகிறவள். கத்தி இல்லாமலே ஆட்டுத்தொடையை மூட்டில் கழற்றுவாள். அந்தக் கைகளுக்காகவே, எந்த வீட்டில் பெண்ணைத் தூக்கி வந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். மூன்று பேர் சேர்ந்து கட்ட முடியாத முக்காட்டை அவள் ஒருத்தி கட்டிவிடுவாள். புருல்கான் பிடித்தால் உடும்புப்பிடி என்று ஊர் சொல்லும். பல வருஷம் அவளும் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

அவளையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நகரத்தில் தையல் படிக்கப் பஸ்ஸுக்கு நின்றவளைத் தூக்கிவந்தவன் மாமசாலி. இப்போது அவன் அவளுடைய புருஷன், அவளுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. எந்த விருந்திலும் வோட்கா மூன்றாவது தடவை ஊற்றப்பட்டதும் தன் காதைத் தடவிக்கொண்டு ஆரம்பித்துவிடுவான்.

"இதோ பாருங்கப்பா, பாதிக் காதுதான் இருக்கு. மிச்சத்தை இவ தின்னுட்டா. என்னா மல்லுக்கட்டுங்கற, கட்டவிழ்த்துவிட்ட குதிரையே தோத்துச்சு போ."

எல்லோரும் சிரிப்பார்கள். புருல்கான் தேநீர் ஊற்றிக்கொண்டே போவாள். கதையில் காது வரும். அவளுடைய விலா எலும்பு விரிசல்விட்டது வராது. ஒரு மாதம் மல்லாந்து படுக்க முடியாமல் கிடந்தது வராது. முன்பெல்லாம் அவளும் ஒப்புக்குச் சிரித்து வைப்பாள். வயதாக ஆக, அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

அந்த இலையுதிர்காலத்தில் மாமசாலியின் தம்பி மகன் அல்மாசுக்குக் கல்யாண ஆசை வந்தது. பக்கத்து ஊர் மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்மேல் கண். இவன் மேல் அவளுக்குக் கண்ணா என்று கேட்க எவனுக்கும் தோன்றவில்லை. நண்பர்களுக்கு அடையாளம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைத் துரை முன்சீட்டில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் காற்றாய்ப் பறந்து வந்த கார் முற்றத்தில் நின்றது. தலையில் கோட்டைப் போட்டு மூடிய ஒருத்தியை இறக்கினார்கள். கோட்டை எடுத்ததும் அல்மாசின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"டேய், இவ இல்லடா."

"வெள்ளைக் கோட்டு போட்டவன்னுதானடா சொன்ன?"

"மருந்துக்கடையில எல்லாரும் வெள்ளைக் கோட்டுதான்டா போடுவாங்க. பின்ன என்ன, ஆட்டுத்தோலா போர்த்திக்கிட்டு நிப்பாங்க?"

அவன் கண் வைத்தவள் அன்றைக்கு லீவு. இவள் அவளுடன் வேலை செய்கிறவள். முற்றத்தில் கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு உதட்டில் ரத்தம், ஒரு காலில் செருப்பு இல்லை. விட்டுவிடுவார்கள் என்று அவளும் ஒரு நிமிஷம் நம்பினாள்.

"அதான் நான் இல்லைன்னு தெரிஞ்சிடுச்சுல்ல. என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க."

புருல்கானும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அல்மாசின் அம்மா கல்புபு சிரிக்கவில்லை. அண்டாவில் ஆடு வெந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று. அவள் அந்தப் பெண்ணைச் சுற்றி வந்து, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி இடுப்பையும் பல்லையும் பார்த்தாள்.

"முற்றம் மிதிச்ச பொண்ணைத் திருப்பி அனுப்பினா நம்ம வீட்டுக்கு ஆகாது. ஏண்டா, இவளும் நல்லாத்தானே இருக்கா?"

அல்மாஸ் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தான். "பரவால்ல," என்றான்.

மாற்றிக் கொடுத்த மாத்திரைக்குக்கூட மனிதன் இரண்டு வார்த்தை பேசுவான். ஒரு பெண்ணுக்கு இவன் வாயில் வந்தது ஒரே ஒரு 'பரவால்ல'. அது புருல்கானின் காதிலும் விழுந்தது. அப்படியும் அவள் என்ன செய்தாள்? பெண்ணை உள்ளே இழுத்து மூலைத் திரைக்குப் பின்னால் உட்கார்த்தியதும், கல்புபு அவள் கையில் முக்காட்டைத் திணித்தாள்.

"அக்கா, சட்டுனு முடி. இருட்டிடுச்சுன்னா அப்புறம் அவளே எங்கயும் போகமாட்டா."

இருட்டிவிட்டால் முடிந்தது. இரவு தங்கிய பெண்ணைப் பிறந்த வீடே உள்ளே சேர்க்காது. அது புருல்கானுக்குத் தெரியாதா? தெரிந்தும் கைகள் பழக்கதோஷத்தில் தம் வேலையைப் பார்த்தன. முழங்கையால் தோளை அமுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பின்கழுத்தில் முடிச்சை இறுக்கினாள். மற்ற பெண்கள் குலவை இடாத குறைதான்.

அந்தப் பெண் திமிறுவதை நிறுத்தினாள். நிமிர்ந்து புருல்கானைப் பார்த்தாள்.

"என் பேரு என்னன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. கல்புபு சிரித்தாள். "அதுக்கென்ன அவசரம், அப்புறம் கேட்டுக்கிட்டாப் போச்சு."

புருல்கான் முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கிக் கட்டியதால் உடனே வரவில்லை, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. முக்காட்டைச் சுருட்டிக் கல்புபுவின் மடியில் எறிந்தாள்.

"உன் பேரு என்னம்மா?"

"ஐசிரெக்."

"எந்திரி ஐசிரெக்."

நடக்கப்போவது புரிந்ததும் அல்மாசின் அப்பனைப் பெற்ற துர்சுன் கிழவி விழுந்தடித்து ஓடி, வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். இதுதான் கடைசி ஆயுதம். படுத்திருக்கும் பெரியவளைத் தாண்டிப் போகிற பெண்ணுக்குப் பிள்ளை தங்காது, வாழ்வு விளங்காது என்பது நம்பிக்கை. கதவு திறந்துதான் இருக்கும், ஆனாலும் எந்தப் பெண்ணும் தாண்டியதில்லை. புருல்கானும் அந்தக் காலத்தில் இதே கிழவியின் முன்னால்தான் நின்று அழுதாள்.

"என்னைத் தாண்டிப் போறவ நாசமாப் போவா," என்று கிழவி கண்ணை மூடிக்கொண்டாள்.

புருல்கான் தாண்டவில்லை. குனிந்து, கிழவியின் அக்குளிலும் முழங்காலடியிலும் கைகொடுத்து, மாவு மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள். நாலு எட்டு நடந்து மெத்தைமேல் இறக்கினாள்.

"இங்க படுங்க அத்தை. அங்க காத்து அடிக்குது."

மாமியாரைத் தூக்கி அப்புறம் வைத்த மருமகளை அந்த ஊர் கண்டதில்லை. அந்தத் திகைப்பில் ஐசிரெக் வெளியே வந்துவிட்டாள். முற்றத்தில் மாமசாலி ஓடிவந்து பெண்டாட்டியின் கையைப் பிடித்து முறுக்கினான்.

"பைத்தியமாடி உனக்கு? ஊர் முன்னாடி மானத்தை வாங்குற."

அவள் அவனை நெட்டித் தள்ளினாள். அவன் மறுபடி பாய்ந்தான். இருவரும் கட்டிப் புரண்டு, விறகுக்குவியலில் மோதி எழுந்தார்கள். மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. இதுவும் மல்லுக்கட்டுதான், ஆனால் ஒரு ஆள் சிரிக்கவில்லை. கடைசியில் மாமசாலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அல்மாசும் நண்பர்களும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேராக ஒருத்தியைத் தூக்கத் தெரிந்த வீரர்கள், பெரியம்மா வரும் வழியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

பக்கத்து ஊருக்கு ஆற்றங்கரையோடு நடந்தார்கள். ஐசிரெக் முன்னால் போனாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு. புருல்கான் தன் பூட்ஸைக் கழற்றி நீட்டினாள். அவள் வாங்கவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மலைமுகட்டில் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. தாய் கதவருகில் நின்றிருந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளக் கை நீண்டது, பாதியில் நின்றது.

"முக்காடு கட்டிட்டாங்களா?"

பின்னால் தகப்பன் வந்து நின்றான். பதிலைப் பொறுத்துத்தான் கதவு திறக்கும் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. பெற்றவர்களிடமும் இதே கணக்குத்தானா என்று புருல்கானுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்பாமல் விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல," என்றாள். "எங்க ஊர்ல கட்டுறது நான்தான். யாரை வேணா கேட்டுப் பாருங்க. நான் கட்டல."

தகப்பன் வழிவிட்டான். தாய் அழுதுகொண்டே மகளை உள்ளே இழுத்தாள். "நீங்களும் வாங்க அக்கா. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

ஐசிரெக் திரும்பினாள். தாய்க்குக் கேட்காதபடி, புருல்கானின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"நல்லா இறுக்கித்தான் கட்டுனீங்க."

பிறகு சத்தமாக, "அவங்க உள்ள வரவேண்டாம்மா," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நன்றாக விழுந்திருக்கிறதா என்று புருல்கான் இரண்டு கையாலும் கதவை ஒரு தரம் அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அதன் பிறகுதான் திரும்பி நடந்தாள்.