பச்சைப் பெயின்ட் அடித்த கல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், நீங்கள் சிரித்தாலும் அதுதான் நிஜம். போன வருஷம் பக்கவாதம் வந்து மனைவிக்குப் பேச்சும் வலது பக்கமும் போனதிலிருந்து எதையும் நம்பவும் தோன்றவில்லை, மறுக்கவும் தோன்றவில்லை, உள்ளே மரத்துக் கிடந்தது. வாரம் மூன்று நாள் கோயம்புத்தூரில் அவளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டால் கைகால் அப்படியே இறுகிவிடும் என்றார்கள். எங்கள் ஊர் முதலமடையிலிருந்து அவளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் மாந்தோப்புப் பாதையில் டிரைவிங் பழகிக்கொண்டு, நடுவழியில் கைவிடாத ஒரு பழைய கார் தேடி அலைந்தேன்.

மெக்கானிக் பழனிசாமி நாலு வண்டியைக் கழித்துக்கட்டிவிட்டு, மலைமேல் இருக்கிற சித்திரபுரத்தில் ஒன்றைப் பிடித்தான். பனியில் விறைத்துக் கிடந்த இன்ஜின் முதல் திருகலிலேயே எழுந்தது, அடியில் ஒரு சொட்டு ஆயில் ஒழுகல் இல்லை. விற்றது எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மேரியக்கா. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் நோயில் போய்விட்டார். சாவியோடு ஒரு கல்லையும் நீட்டினார், ஆப்பு மாதிரி சரிந்த கல், மேலே பச்சைப் பெயின்ட்.

“இதையும் கொண்டு போங்க அண்ணாச்சி. எங்க நிறுத்துனாலும் பின்சக்கரத்துக்கு இதை அண்டக் குடுத்துட்டுத்தான் அவுக நகருவாக.”

“ஏனுங்கக்கா, எங்கூருல தள்ளுனாக்கூட வண்டி உருளாதுங்க, கல்லு எதுக்குங்க?” என்றான் பழனிசாமி. அவர் உள்ளே போனதும் நான் அந்தக் கல்லை கேட் ஓரம் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் கையாலேதான் வைத்தேன்.

பழனிசாமி இல்லாமல் நான் தனியாக ஓட்டிப்போன முதல் நாள், காலை பத்து மணி வெயில். ஆஸ்பத்திரி வாசல் சரிவு, பின்னால் லாரிகள் ஓடுகிற ரோடு. சமதரையில் பழகியவன் என்ன செய்வான், வண்டியை அணைத்தேன், இறங்கினேன், அவளை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலி எடுக்கப் போனேன். நாற்காலியின் பிடியைத் தொட்டபோதுதான் ஹேண்ட்பிரேக் ஞாபகம் வந்தது. ஓடினேன்.

வண்டி நின்றது. கியர் நியூட்ரலில், பிரேக் இழுக்காமல், சரிவில் நின்றது. பின்சக்கரத்துக்கு அடியில் பச்சைப் பெயின்ட் அடித்த அந்தக் கல். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, கல் மட்டும் மழையில் நனைந்த மாதிரி ஈரமாக இருந்தது.

“யார் வச்சாங்க?” என்று கேட்டேன். அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள், இடது கையை மெல்லத் தூக்கி நெற்றியில் வைத்துக் கும்பிட்டாள். திரும்பினேன். யாருமில்லை. பயம்கூட வரவில்லை எனக்கு, பிரேக்கை இழுத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிவந்தேன், அவளை இறக்கினேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மேரியக்காவுக்கு போன் போட்டு அந்தக் கல் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இந்தா, கேட்டு ஓரமாத்தான கெடக்கு, நீங்க வச்ச எடத்துலயே. ஏன் அண்ணாச்சி?”

ஒன்றுமில்லை என்றேன். கல் என் மடியில் இருந்தது, வேட்டி நனைந்துகொண்டிருந்தது.

இப்போதெல்லாம் பிரேக்கையும் இழுக்கிறேன், கல்லையும் வைக்கிறேன். வைத்து நிமிரும்போது ஒவ்வொரு முறையும் அவள் கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து என் தோளுக்குப் பின்னால் பார்த்து இடது கையைத் தூக்குகிறாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.