போஸ்டரின் முன்வரிசை

எங்கள் கல்லூரி பேஸ்பால் அணியில் நான் ஒருவன்தான் தமிழன். பழைய கோச் எந்நேரமும் என்னைத் திட்டுவார், ஆனால் எல்லா ஆட்டத்திலும் இறக்கினார். தொடர்ந்து தோற்றதால் பாதி சீசனில் அவரை நீக்கினார்கள். புதியவர் சிரித்த முகக்காரர். அணியின் போஸ்டரில் என்னை முன்வரிசையில் நிறுத்தினார். மைதானத்தில் மட்டும் ஒருநாளும் இறக்கவில்லை.

அம்மா அந்தப் போஸ்டரை, எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் சாமான் வாங்கும் கடைக்குக் கொண்டுபோனார். "என்ர மகன்ர படம். எல்லாரும் பாக்கட்டும்" என்று ஒட்டவைத்தார்.

கடைசி ஆட்டத்துக்கு அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். ஆட்டம் முடியும்வரை நான் பெஞ்சிலேயே இருந்தேன். என் உடுப்பில் துளி மண்கூட ஒட்டவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் அப்பா என் தோளைத் தட்டினார்.

"நல்லா விளையாடினாய் தம்பி."

"ஓம் அப்பா."

போஸ்டர் இன்னும் கடையில்தான் இருக்கிறது. பால் வாங்க ஆறு தாண்டி லவால் வரைக்கும் போனாலும் போவேன், அந்தக் கடைக்குப் போகமாட்டேன்.